முயலுக்குப் பத்தியம்

நம் வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் யாராவது பிராணி வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "அந்தக் காலத்துல நாம வளர்க்கலையா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். வளர்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை. எப்படி வளர்த்தோம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

போன மாதம் என் மகளின் முயல் ஜோடிக்குக் கருத்தடை செய்வதற்காக ஜொகூர் பாருவில் ஒரு கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போனோம். மருத்துவர் நம் பெண்தான், சின்ன வயது. "ஜோடியா ஆண்ட்டி? அப்பன்னா ரெண்டையும் சேர்த்தே கொண்டாங்க. ஒன்னுக்குத்தான் ஆப்பரேஷன்னாலும் மத்தது பக்கத்துல இருக்கட்டும். பிரிச்சி வெச்சீங்கன்னா அப்புறம் வாசனை மாறிப்போயி ஒன்ன ஒன்னு கடிச்சிக்கும்," என்றாள். முதலில் ஆணுக்குச் செய்துவிடலாம், அது சின்ன வேலை, சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றும் சொன்னாள். எனக்கு அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. மகள் என்னம்மா என்றாள். முட்டி வலி என்றேன். நம் வயதில் அதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

என் சின்ன வயதில் எங்கள் வீடு பெக்கான் நானாஸில், தாமான் என்ற குடியிருப்பின் வீட்டு வரிசையில் கடைசிக்கு முந்தையது. அம்மா அன்னாசிப் பழத்தைத் தகர டின்னில் அடைக்கும் பேக்டரியில் வேலை பார்த்தாள். அன்னாசி வேகும் வாசனையை நீங்கள் நல்ல வாசனை என்று நினைப்பீர்கள். தலைமுடியிலும் தலையணையிலும் பள்ளிக்கூடப் பையிலும் அதே வாசனை ஏறி உட்கார்ந்துகொண்டால் தெரியும். கையுறை போட்டும் அம்மாவின் விரல் நுனிகளை அன்னாசிச் சாறு தின்றிருந்தது. இரவில் அவள் எங்கள் கன்னத்தைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. இருட்டில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி இருட்டில் வந்து சேர்வார். அவரை நாங்கள் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

முயல் கதைக்கு முந்தைய வருடம் தம்பி பிறந்திருந்தான். பிரசவத்தோடு சேர்த்து அம்மாவுக்குக் கருத்தடை ஆப்பரேஷனும் செய்துவிட்டார்கள். புண் சீழ் பிடித்து, லேசில் ஆறவில்லை. பத்தியச் சோறு ஆக்கிப்போட உறவென்று யாரும் பக்கத்தில் இல்லை. அப்பாவுக்கு லீவும் கிடைக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையான நான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன், எனக்குத் தெரிந்த பத்தியம் அவ்வளவுதான். லீவு முடிந்ததும் அம்மா பேக்டரிக்குப் போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை கிடையாது. அதன்பிறகு அவள் எதற்குக் குனிந்தாலும் ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டுதான் குனிவாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் குனிவார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முயல்களை அப்பா பாசார் மாலாமில் வாங்கினார். இரவுச் சந்தையில் கோழிக்குஞ்சும் ஆமைக்குஞ்சும் விற்பவன், இரண்டுமே பெண் என்று அடித்துச் சொன்னான். மூன்று மாதத்தில் சாம்பல் நிறத்தது ஆண் என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் நாங்கள் சாம்பலுக்கு மாப்பிள்ளை என்றும் வெள்ளைக்குப் பொண்ணு என்றும் பெயர் வைத்தோம். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, பலகையையும் கம்பி வலையையும் வைத்து அப்பா ஒரு கூண்டு அடித்தார். கீழே விழுந்த புழுக்கைகளைக் கூட்டுவது என் வேலை. ஈரச் சாக்கும் கீரைத் தண்டும் சோப்புத் தண்ணீரும் கலந்த அந்த வாடை இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது.

அவை இரண்டும் ஒன்றையொன்று விட்டு நகராது. இவ்வளவு பெரிய கூண்டில் ஒரு மூலையில்தான் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மாப்பிள்ளை தலையைத் தாழ்த்தி நீட்டினால் பொண்ணு அதன் கண்ணோரத்தை நக்கிவிடும், அது அப்படியே கண்ணை மூடிக்கொள்ளும். பொண்ணை நான் வெளியே தூக்கினால் மாப்பிள்ளை பின்னங்காலால் பலகையைத் தட்டும். டொம் டொம் என்று பக்கத்து வீட்டுக்கே கேட்கும். "பொண்டாட்டிய கொண்டு வந்து வுடு, மாப்பிள்ள கோவிச்சிக்கிறாரு," என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அம்மா கேலி பேசிச் சிரித்ததென்றால் அந்த முயல்களிடம்தான்.

முதல் ஈற்றுக் குட்டிகளுக்குத் தாமானே போட்டி போட்டது. இரண்டாவது ஈற்றுக் குட்டிகளை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விநியோகித்தேன். மூன்றாவது ஈற்றுக்குப் பிறகு என்னை அட்டைப் பெட்டியோடு பார்த்தாலே பக்கத்து வீட்டு மக்சிக், நாங்கள் அப்படிக் கூப்பிட்ட மலாய்க்கார அம்மா, கதவைச் சாத்திக்கொண்டாள். "சுடா லா, சுக்குப்," போதும் போதும் என்று ஜன்னல் வழியே கையசைப்பாள். இத்தனைக்கும் எங்களுக்குத் தொலைபேசி இல்லாத குறையைத் தீர்த்துவைத்த நல்ல மனுஷி அவள். அந்த நேரத்தில்தான் அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர், முயலுக்கும் ஆப்பரேஷன் செய்யலாம், ஜொகூர் பாருவில் ஒரு சீன டாக்டரம்மா இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா இரண்டு நாள் லீவு போட்டார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய செய்தி. தம்பியை மக்சிக்கிடம் விட்டுவிட்டு, பொண்ணை மட்டும் மூடிபோட்ட மூங்கில் கூடையில் வைத்து, அம்மா மடியில் ஏந்திக்கொள்ள, பஸ்ஸில் போனோம். வீட்டைப் பூட்டும்போதே பின்னால் மாப்பிள்ளை தட்டத் தொடங்கியிருந்தது.

டாக்டரம்மா பொண்ணின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆண் எங்கே?" என்று மலாயில் கேட்டார். வீட்டில் என்றார் அப்பா. "ஆணைக் கொண்டுவந்திருக்கலாமே. ஆணுக்கு என்றால் சின்ன வேலை, இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்."

அம்மாவுக்கு மலாய் நன்றாகப் புரியும். கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, சின்ன வேலைன்னு சொல்றாங்களே. வீட்டுக்குப் போயி அதக் கொண்டாந்துடலாம்," என்றாள்.

"ஆம்பளைக்கு எதுக்குலா?" என்றார் அப்பா. "குட்டி போடறது இதுதானே. இதுக்குப் பண்ணா முடிஞ்சிச்சி. அத அறுத்து வுட்டா அப்புறம் அது என்னாத்துக்கு?"

 அம்மா கூடையை மேசை மேல் வைத்தாள். டாக்டரம்மா தோளைக் குலுக்கிவிட்டு ஊசி மருந்தை எடுக்கப் போனார். அந்த நிமிடத்தை இப்போது எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. எனக்குத் தெரிந்து ஒரு நாளும் அவர் அம்மாவைக் கைநீட்டியதில்லை. ஆனால் ஆப்பரேஷன் என்றால் அது பெண்ணுக்குத்தான் என்பதில் அவருக்கு இருந்த நிச்சயம், சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதில்கூட இருந்திருக்காது.

மறுநாள் பொண்ணு வீட்டுக்கு வந்தது. வயிற்று முடியைச் சிரைத்திருந்தார்கள். இளஞ்சிவப்புத் தோலில் கறுப்புத் தையல். கொண்டுவரப் போன அப்பாவிடம் டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். உடனே பச்சைக் கீரை கொடுக்க வேண்டும். ஆணை அதே கூண்டில் விடாமல், நடுவே கம்பி வலை வைத்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கவிட வேண்டும்.

"நல்லாருக்கு," என்றாள் அம்மா. "வயித்த அறுத்துட்டு வந்தவளுக்குக் கீரையா? குளிர்ச்சி. ஜன்னி கண்டுடும். அதுவும் புருஷங்காரனப் பக்கத்துல வெச்சா? ஒரு மாசத்துக்குக் கண்ணுல காட்டக் கூடாது."

அன்றைக்கே சாமான் அறையைக் காலி செய்தாள். பழைய கைலியை மடித்து விரித்து, சாக்கால் ஜன்னலை மறைத்து, பொண்ணை அங்கே வைத்தாள். காற்று படக் கூடாதாம். பால் டின்னில் கரி போட்டு, சாம்பிராணி தூவி, வாசற்படியில் வைத்துப் புகை காட்டினாள். கங்கோங் கீரை இல்லை, வெள்ளரிக்காய் இல்லை, கோஸ் இல்லை. ரொட்டியைத் தணலில் வாட்டி, ஓமத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். பொண்ணு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

அப்பா அன்றிரவு சாப்பிடும்போது விஷயம் தெரிந்து நிமிர்ந்தார். "மொயலுக்கா லீவு போட்ட? சம்பளத்தப் புடிப்பாங்க, தெரியுமில்ல?"

"புடிக்கட்டும்," என்றாள் அம்மா. "எனக்குத்தான் யாரும் போடல. அதுக்காச்சும் போடறேன்."

அப்பா கறியைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா அப்படிப் பதில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவள் எதைச் சொன்னாள் என்றும் அப்போது எனக்கு விளங்கவில்லை. முயலுக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று பொறாமைதான் வந்தது.

பொண்ணு புழுக்கை போடுவது நின்றுவிட்டது. கூட்டுகிறவள் நான் என்பதால் முதலில் கவனித்ததும் நான்தான். அம்மாவிடம் சொன்னேன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மக்சிக் வீட்டுக்கு ஓடி, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா பேசியது வெளியே நின்ற எனக்கே கேட்டது. முயலுக்குக் குடல் நிற்கவே கூடாது, நின்றால் செத்துவிடும், இப்போதே கீரை கொடு என்றார். அம்மா மக்சிக்கின் தோட்டத்திலேயே கங்கோங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இலை இலையாகக் கிள்ளி, பொண்ணின் வாய்க்குள் தள்ளித் தள்ளி ஊட்டினாள். கன்னத்தை நீவிக் கொடுத்தாள். "தின்னுடி, என் தங்கமே, ஒரு வா தின்னுடி," என்று கெஞ்சினாள். சாயங்காலம் பொண்ணு தானாக ஒரு தண்டைக் கடித்தது. அந்த மொறுமொறு சத்தத்தைக் கேட்டுவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள்.

கீரை விஷயத்தில் அம்மா இறங்கி வந்தாள். பிரித்து வைப்பதில் மட்டும் வரவில்லை. பச்சை உடம்பு, அது ஆண், சும்மா இருக்காது என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் பயந்ததும் முழுக்கத் தப்பில்லை, நடுவில் ஒரு வலை இருந்திருந்தால் போதும். பின்னால் மாப்பிள்ளை முதல் வாரமெல்லாம் தட்டியது. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டது. பழகிக்கொண்டது என்றார் அப்பா. சாப்பிடுகிறது, தூங்குகிறது, வேறென்ன வேண்டும் என்றார். தட்டாமல் இருப்பதைப் பழகிக்கொள்வது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு மாதம் ஆனதும் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தாள். பிள்ளை பெற்றவளைத் தலைக்குக் குளிப்பாட்டி வெளியே அழைத்து வருகிற மாதிரி, பொண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள் கரைத்துக் குளிப்பாட்டினாள். நனைந்த பொண்ணு பாதியாகச் சுருங்கிப்போய் வெடவெடவென்று நடுங்கியது. துண்டால் ஒற்றி, சாம்பிராணிப் புகையில் காயவைத்து, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். நான் கைதட்டினேன். வேலியோரம் மக்சிக் சிரித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அப்பாவும் சீக்கிரம் வந்திருந்தார். மஞ்சள் பூத்த அந்த முயலை அம்மா இரண்டு கையாலும் ஏந்தி வந்து கூண்டுக்குள் விட்டாள். "போம்மா, ஒங்க வூட்டுக்குப் போ," என்றாள்.

மாப்பிள்ளை கிட்டே வந்தது. முகர்ந்தது. அதற்குத் தெரிந்த பொண்ணின் வாசனை ஒரு துளியும் அந்த உடம்பில் மிச்சமில்லை. அடுத்த கணம் இரண்டும் ஒரே உருண்டையாகச் சுழன்றன. முயல் கத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், குழந்தை வீறிடுவது போலவே இருக்கும். முடி பஞ்சு பஞ்சாகப் பறந்தது. அப்பா கையை விட்டு மாப்பிள்ளையின் பிடரியைப் பற்றி இழுத்தார், அது அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. பொண்ணின் காது ஓரம் கிழிந்து, ரத்தம் மஞ்சளோடு வழிந்தது. மக்சிக் "அலமாக்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். வலை வைத்துப் பக்கத்தில் விட்டு, ஒரே சாக்கை மாற்றி மாற்றிப் போட்டு, மெல்ல மெல்லப் பழக்கியிருக்கலாம். டாக்டரம்மாவை இன்னொரு முறை கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். ஆனால் அப்பா, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "இனிமே இதுங்க ஒத்துவராது. ஒன்னு இருந்தா போதும்," என்றார். மறுநாள் மாப்பிள்ளை அட்டைப் பெட்டியில் போய்விட்டது. ஆப்பரேஷன் யோசனை சொன்ன அதே நண்பர், வார விடுமுறைக்கு சிம்பாங் ரெங்கம் வீட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோனார்.

பொண்ணுக்குக் காது ஆறியது. ஆனால் அது அந்தப் பெரிய கூண்டில், இரண்டும் ஒட்டிக் கிடந்த அதே மூலையில், ஒரு முயலுக்கு இடம் விட்டே படுத்தது. தன் மார்பு முடியைத் தானே பிடுங்கிப் போட்டது. அம்மா அப்பாவின் சவரக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கூண்டில் சாய்த்து வைத்தாள். ஆரஞ்சு நிறச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி. பொண்ணு அதன் முன் போய்த் தலையைத் தாழ்த்தி, யாராவது நக்கிவிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சவரம் செய்யக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அன்னிக்கே அதுக்குப் பண்ணியிருந்தா சாயங்காலமே ஓடியாடியிருக்கும். இவளுக்கும் இந்தக் கதி வந்திருக்காது. டாக்டர் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

அப்பா சவரம் செய்யவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டியை எடுத்து மோட்டாரின் ராகாக் கூடையில் வைத்தார். "வா, போயி கூட்டியாந்துடலாம்," என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். "வலை வாங்கி அடிச்சிக்கலாம்," என்று அம்மாவிடம் சொன்னார்.

சிம்பாங் ரெங்கம் வரைக்கும் இருபுறமும் செம்பனை மரங்கள். அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று நினைத்தபடியே போனேன். நண்பரின் வீட்டுப் பின்னால் பெரிய கூண்டு. அதில் மாப்பிள்ளை இருந்தது, கொழுத்திருந்தது. அதன் மேல் ஒரு பழுப்பு முயல் தாடையை வைத்துச் சாய்ந்திருந்தது. மூலையில் வைக்கோலுக்குள் குட்டிகள். "ஜோடி சேர்ந்துடுச்சிண்ணே. என் புள்ளைங்க வேற உசுரா இருக்குதுங்க. இருந்தாலும் ஒங்க மொயல், எடுத்துட்டுப் போங்க," என்றார் நண்பர்.

அப்பா கூண்டின் முன் குந்தி உட்கார்ந்தார். மாப்பிள்ளை தலையைத் தாழ்த்தி நீட்ட, அந்தப் பழுப்பு முயல் கண்ணோரத்தை நக்கிக் கொடுத்தது. அப்பா எழுந்து, "வேணாம்யா. இன்னொரு தடவ பிரிக்க வேணாம்," என்றார். காலிப் பெட்டியை மறுபடி கூடையில் வைத்தார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். கூண்டைக் கழுவி, எங்கிருந்தோ கம்பி வலை வாங்கிவந்து நடுவில் தானே அடித்திருந்தாள். கையில் தட்டு நிறைய, இரண்டு முயலுக்கும் சேர்த்து நறுக்கிய கங்கோங். பெட்டி லேசாக இருப்பதை அப்பா தூக்கிய விதத்திலேயே கண்டுகொண்டாள்.

"எங்க?"

"அது அங்கயே இருக்கட்டும். வேற ஜோடி சேர்ந்துடுச்சி." அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டும் உள்ளே வரவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தம்பி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என்னத்தான் மொதல்ல கேட்டாங்க. ஆம்பளைக்குன்னா சின்ன வேலை, அன்னிக்கே வூட்டுக்குப் போயிடலாம்னு நர்சு சொன்னாங்க. நாந்தான் முடியாதுன்னுட்டேன். ஒங்கிட்ட சொல்லல."



"தெரியும்," என்றாள் அம்மா. "பக்கத்துலதானே கட்டில்ல படுத்திருந்தேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு, "கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், தட்டிலிருந்த கங்கோங் முழுவதையும் பொண்ணின் முன்னால் கொட்டினாள். அப்பா கை கழுவப் போகவில்லை. காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.